பக்கி நிற்கும் இடம்

எங்கள் வீட்டில் கைப்பிரேக் என்பது
ஒரு செங்கல்.
அதைப் பின்சக்கரத்துக்கு அடியில் உதைத்துத் தள்ளிவிட்டு
வேலை முடிந்த முகத்தோடு உள்ளே வருவார் தனசீலன்.

சாட்ஸ்வர்த்தில் தட்டையான இடம்
கால்பந்துத் திடல் ஒன்றுதான்.
அதிலும் பந்து ஒரு பக்கமாகத்தான் ஓடும்.

நான் கீழ்வேளூர்க்காரி.
எங்கள் ஊரில் சரிவு வேண்டுமென்றால்
குளத்துக்குள்தான் இறங்க வேண்டும்.
நிறுத்தியது நிறுத்திய இடத்தில் நிற்கும் என்று
நாற்பத்து மூன்று வருஷம் நம்பியிருந்தேன்.

இங்கே சின்ன லாரிக்குப் பெயர் பக்கி.
கேட்ட முதல் மாதம் முழுக்கச் சிரித்தேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில்
எங்கள் பக்கி செங்கல்லை நொறுக்கிவிட்டு
தானாக இறங்கிப் போய்
எதிர்வீட்டு ராம்சரணின் தபால்பெட்டியையும்
பாதிக் கறிவேப்பிலை மரத்தையும் தின்றது.
பெயருக்கேற்ற பிள்ளை.

மறுநாள் வேறு செங்கல் வந்தது.
பெரியது.

நான் சிபோங்கிலேயிடம் போய்ச் சேர்ந்தேன்.
அவளுக்கு இருபத்தாறு வயது.
எனக்கு முன்னால் முந்நூறு பேரை
மலையேற்றி இறக்கியிருக்கிறாள்.
முதல் நாள் நான் கைப்பிரேக்கை இழுத்தேன்.
கர்ர்ர் கர்ர்ர்.
தன் பல்லையே யாரோ ராவியதுபோல் முகம் சுளித்தாள்.
பொத்தானை அமுக்கிக்கொண்டு தூக்கு, பல் தேயும்.
சத்தமா பிடிக்கிறது?
கேபிள்தான் பிடிக்கிறது.

நின்றால் ஏற்று. எங்கே நின்றாலும் ஏற்று.
சிவப்பு விளக்கில், நிறுத்தப் பலகையில்,
கோழிக்கு வழிவிட நின்றால்கூட.

வீட்டு வாசலில் நிறுத்தும்போது இன்னும் கவனம்:
கால் பிரேக்கிலேயே இருக்கட்டும், கையால் பூட்டு,
கியரை விடுவி, பிறகு காலை மெல்ல எடு.
வண்டி ஒரு விரற்கடை பின்னால் சாய்ந்து
கேபிளின் மேல் உட்காரும்.
உட்கார்ந்த பிறகுதான் மறுபடி கியர்.
அவசரப்பட்டால் அத்தனை கனமும்
கியர்ப்பெட்டியில் ஒரே ஒரு பல்லின் மேல்.

பாரத்தை முதலில் யார் வாங்குவது என்று
இவ்வளவு தெளிவாக
எனக்கு யாரும் சொன்னதில்லை.
கல்யாணத்தின்போதுகூட.

முதல் தேர்வில், ஏற்றத்தில், ஒரு சாண் பின்னால் உருண்டேன்.
அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை.
பேனாவை மூடினார்.

இரண்டாம் முறை காத்திருந்தேன்.
கிளட்ச் மேலே வர வர
வண்டியின் மூக்கு லேசாக நிமிரும், தேகம் ஒருமுறை நடுங்கும்.
அதுதான் சம்மதம். அதற்கு முன்னால் கையை இறக்காதே.
பின்னால் ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான் என்பதற்காக
அதற்கு முன்னால் கையை இறக்காதே.

உரிமம் கையில் வந்த அன்று மாலை
பக்கிக்குள் ஏறி உட்கார்ந்தேன்.
அன்றைக்கு மட்டும் பொத்தானை அமுக்கவில்லை. எண்ண வேண்டுமே.
ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைப்பிடி நிமிர்ந்து நின்றது.
வண்டியோ நகர்ந்துகொண்டிருந்தது.

பிரேக்கில் குற்றமில்லை. கேபிள் தளர்ந்திருந்தது.
எத்தனை வருஷமாகவோ.
கைப்பிடியின் கீழே உறையைக் கழற்றினால்
ஒரு சின்ன நட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானர்.
தனசீலன் டார்ச் பிடித்தார்.
அரைச்சுற்று. பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் உருட்டிப் பார்.
உரசக் கூடாது. இன்னும் அரைச்சுற்று.
டார்ச் வெளிச்சம் இரண்டு தரம் என் முகத்துக்கு வந்து போனது.
ஆறாவது கிளிக்கில் பிடித்தது.

எஞ்சினை அணைத்து, கியரை எடுத்துவிட்டு,
இரண்டு காலையும் மடித்து இருக்கையில் வைத்துக்கொண்டேன்.
பக்கி ஒரு விரற்கடை சாய்ந்து
உட்கார்ந்தது.

செங்கல்லைக் கழுவி
வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

இரவில் நல்ல மழை, கடல்பக்கத்திலிருந்து காற்று.
பன்னிரண்டு மணி இருக்கும்,
கதவு படாரென்று அறைந்தது.
பக்கத்தில் கட்டில் காலியாக இருந்தது.

காலையில் போய்ப் பார்த்தேன்.
செங்கல் பழையபடி சக்கரத்துக்குப் பின்னால்.
இரண்டுக்கும் நடுவே
நான்கு விரல் இடைவெளி,
அதில் ஒரு நத்தை
நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.